ஆநிரைப் பூசலில் மாண்டவனின் கல்

தேனி மாவட்டத்தில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த மூன்று நடுகற்களுள் ஒன்று, கூடல் ஊரில் ஆநிரை கவர்ந்த பூசலில் உயிர்நீத்த தீயன் அந்தவன் என்னும் வீரனை, அரசன் பெயரோ ஆண்டோ குறியாது, தமிழ்ப் பிராமி லிபியில் சில சொற்களால் நினைவுகூர்கிறது. ஆண்டு பொறியாத சாசனத்தின் எழுத்து வடிவங்களை, ஒவ்வொரு கோட்டின் வளைவையும் உற்றுநோக்கி, காலம் துணியப்பெற்ற பிற சாசனங்களோடு ஒப்பிடுவதே தொல்லெழுத்தியலார் முறை; அம்முறையால் இக்கல் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டதெனக் கருதப்படுகிறது. சங்கப் புலவர் பாடிய நடுகல் வழக்கத்திற்கு மண்ணிலிருந்தே இத்தகைய சாட்சியம் கிடைத்தது பெரும் பாக்கியமே. கல்லில் குறித்த கூடல் ஊர் இம்மாவட்டத்தின் கூடலூர் என்பாரும் மதுரை என்பாரும் உளர். இத்தகைய கல் கிடந்த இடமும் சூழ்ந்த மண்ணும் சான்றாதலின், வரப்பிலோ கோயிலடியிலோ எழுத்துள்ள கல்லைக் காண்போர், அதனைப் பெயர்க்காமலும் சுண்ணாம்பு பூசாமலும் தொல்லியல் துறைக்கு அறிவிக்க வேண்டுகிறோம்.