பனிக்கட்டியின் கீழ் பாஸ் மீனுக்கு இரை தேர்தல்

வட அமெரிக்காவிலுள்ள மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் முதலிய மாகாணங்களில் குளிர்காலத்து ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டியாகும். அங்குள்ளோர் அக்கட்டியைத் துரப்பணத்தால் துளைத்து, அத்துளை வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பர். அங்ஙனம் பிடிபடும் மீன்களுள் பெருவாய் பாஸ் என்பதும் ஒன்று. கோடையில் தவளையையும் விழுங்கவல்ல இம்மீன், குளிர்காலத்தில் கொழுத்த இரை எதிரே சென்றாலும் பெரும்பாலும் வாளாவிருக்கும். இதன் காரணம் அறிந்தார்க்கே தக்க இரையைத் தேர்தல் எளிதாகும்.

நீரானது 4 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் மிக்க அடர்த்தியுடையது. ஆதலின் அந்நிலையிலுள்ள நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகின்றது. ஏரி முழுதும் உறையாமல் மீன்கள் பிழைத்திருப்பது இந்நியதியாலேயாம். ஆயினும் மீன் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் பிராணியன்று. நீர் குளிர அதன் உடலும் குளிரும், சீரணம் மந்தப்படும், சிற்றுணவே நெடுநாள் போதும்.

இதனின்றும் மூன்று விதிகள் பெறப்படும். முதலாவது, இரை சிறிதாதல் வேண்டும். 2 அல்லது 3 அங்குல நீளமுள்ள மின்னோ என்னும் சிறு மீனை முதுகுத் துடுப்பின் கீழ் மெல்லக் கோத்துவிட்டால், அது உயிரோடு நீந்திப் பாஸை ஈர்க்கும். தேன்கூட்டு மெழுகைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழுவைச் சிறு குண்டு பொருந்திய முள்ளிற் கோத்தலும் உண்டு. இரண்டாவது, செயற்கை இரையாயின் அதனை மெல்ல அசைத்து நெடுநேரம் நிறுத்தல் வேண்டும். துரத்திச் செல்ல மீன் விரும்பாது. மூன்றாவது, தெளிந்த நீருக்கு இயற்கை நிறமும், கலங்கிய நீருக்குப் பளிச்சென்ற நிறமும் ஏற்றவை.

இடமும் நோக்கத்தக்கது. பசுமை மாறாத நீர்ப்பூண்டுகள் வெளிச்சம் உள்ளளவும் பிராணவாயுவை வெளிவிடுவதால், அவற்றின் ஓரத்தில் பாஸ் தங்கும். பூண்டு அழுகினால் பிராணவாயு குறையும். மீனும் அவ்விடம் விட்டகலும்.

இனி, இரையினால் விளையும் கேடு ஒன்றுண்டு. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரேரிகளில் மீன்களைக் கொல்லும் குருதிக்கசிவு நோய் ஒன்று கண்டறியப்பட்டது. அதன் நுண்கிருமி உயிருள்ள இரைமீனோடும், அதனை வைத்த நீரோடும் ஓர் ஏரியினின்று மற்றோர் ஏரிக்குச் செல்லக்கூடும். ஆகையால் எஞ்சிய இரையை ஏரியில் கொட்டுதல் தகாது. உயிர் இரை பற்றியும், பாஸ் பிடிக்கும் பருவம் பற்றியும் மாகாணந்தோறும் சட்டம் வேறுபடுதலின், அதனை முன்னரே அறிதல் கடமையாகும். திரும்ப விடக் கருதிய மீனை உறைகுளிர்க் காற்றில் நெடுநேரம் பிடித்திருந்தால் அதன் கண்ணும் செவுளும் உறைந்து கெடும். உடனே நீரில் விடுக. நடந்து செல்வோர்க்குப் புதிய தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமேனும் தடித்திருத்தல் வேண்டும்; ஓடும் நீர் சேருமிடத்தில் அது மெலிந்திருக்கும்.

தூண்டிலிடுவோன் தன் விருப்பத்தை நோக்காது மீனின் நிலையை நோக்குவானாயின், இரை தானே விளங்கும். ஏரியும் பின்வருவோர்க்குக் கெடாது நிற்கும்.