அற்றகாமாச் சிற்றுடல்: மெய்யோ, பொய்யோ?

விந்தைப் பொருளொன்று வெளிப்படுமாயின், 'இது மெய்யோ, பொய்யோ?' என்னும் வினாவே முதலில் எழுகின்றது. வேண்டப்படும் வினாவே அது. ஆயினும் அது மட்டும் அமையுமா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வாம்.

தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் அற்றகாமாப் பாலைவனத்தில் லா நோரியா என்னும் ஊர் உண்டு. வெடியுப்பு அகழ்ந்த காலத்திற் சிறந்திருந்து, பின்னர் மக்கள் நீங்கிப் பாழடைந்த ஊர் அது. 2003ஆம் ஆண்டில் அங்கே உலர்ந்த சிற்றுடலொன்று கண்டெடுக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 6 அங்குலம். தலை நீண்டு கூம்பியது. விலாவெலும்புகள் 12 சோடிக்குப் பதிலாக 10 சோடியே. அவ்வுடல் விலைபோய்க் கைமாறிற்று. அதனை வேற்றுலகத்து உயிர் என்றனர் ஒரு சாரார். 2013இல் வெளிவந்த திரைப்படமொன்றும் அவ்வெண்ணத்தைப் பரப்பிற்று.

காண்டல், கருதல், உரை என அளவை மூன்றென்பர் எம் முன்னோர். இங்கே காண்டலில் வழுவில்லை. கண்ட உறுப்புகள் யாவும் மெய்யே. கருதலிலேதான் வழு புகுந்தது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து அறிஞர் கரி நோலன் முதலானோர் மரபணுவை ஆராய்ந்து, அது மானிடப் பெண்குழவியின் உடலே என 2018இல் வெளியிட்டனர். எலும்பு வளர்ச்சியைத் தாக்கும் மரபணு மாற்றங்கள் அவ்வடிவத்துக்குக் காரணமாகலாம் என்றும் கூறினர். அதே ஆண்டில் வேறு அறிஞர் சிலர் இதனை மறுத்தனர். அது ஏறக்குறைய 15 வாரக் கருக்குழவி. அப்பருவத்திற் கடைசி விலாவெலும்புகள் உருப்பெற்றிரா. பிறப்பின்போது மென்மையான தலை நீளுதலும் இயல்பே. ஆதலின் நோயெனக் கொள்ள வேண்டுவதில்லை என்பது அவர் வாதம். வளர்ந்தோர் உடலை அளவுகோலாகக் கொண்டால் இயல்பும் விந்தையாகத் தோன்றும் என்பது இதனாற் புலனாகும்.

ஆகவே, உடல் மெய். அதன்மேல் ஏற்றிய கதையே பொய். ஆயினும் ஆராய்ச்சி இத்துடன் முடிந்துவிடவில்லை. குழவி இறந்து சில பத்தாண்டுகளே ஆகியிருக்கலாம் என்பது கணிப்பு; அதன் தாய் இன்றும் உயிரோடிருத்தல் கூடும். உரிய அனுமதியின்றிப் புதைகுழியினின்றும் எடுத்து நாடு கடத்திய உடலை ஆராய்தல் அறமாகுமோ எனச் சிலி நாட்டு அறிஞர் வினவினர். அவ்வினா மரபணு ஆராய்ச்சியினும் சிறியதன்று.

எம் மாணவர், விந்தையெனக் காட்டப்படும் எதனையும் எவ்வளவுகோலால் அளந்தனர் என்று கேட்பாராக. அதனொடு, இது யார் பெற்ற பிள்ளை என்றும் கேட்பாராக. முன்னையது அறிவு; பின்னையது அறம். இரண்டும் கூடியதே கல்வி.