ஒட்டுமா, ஒட்டாதா?

பழைய போர்ஷே 911 காரின் என்ஜினைப் பிரித்து மேசைமேல் பரப்பினால் ஆறு பேரல்கள், அதாவது சிலிண்டர்கள், தனித்தனியாகக் கழன்று வரும். தண்ணீரால் குளிரும் கார்களில் சிலிண்டர்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்புக்குள் அடங்கியிருக்கும். காற்றால் குளிரும் இந்த என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும், சூட்டைக் காற்றில் விடும் ஃபின்கள் சுற்றிலும் வைத்த தனிக் குழாய். எண்ணெய்க் கரியைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தினால், ஒரு காரின் பேரலுக்கும் இன்னொரு காரின் பேரலுக்கும் வெளியிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்சுவர் எதனால் ஆனது என்று பார்த்தால் நான்கு வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் பிஸ்டன் வாங்கினால் பணம் வீண். மாட்டி ஓட்டிவிட்டால் என்ஜினும் வீண்.

இத்தனை வகை ஏன் வந்தது? ஒரே குழாயிடம் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேலைகளை எதிர்பார்ப்பதால்தான். வெளிப்பக்கம் சூட்டைச் சட்டென்று வாங்கிக் காற்றில் விட வேண்டும். இதற்கு அலுமினியம்தான் சரி. வார்ப்பிரும்பைப் போலச் சுமார் மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், எடையும் குறைவு. உள்பக்கமோ தேயவே கூடாது. என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு நூறு தடவை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனும் அலுமினியம், சுவரும் வெறும் அலுமினியம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று பிறாண்டி, சூடேறி, கடைசியில் பிடித்துக்கொள்ளும். வெளியே மென்மையான உலோகம், உள்ளே கடினமான பரப்பு: இந்தக் கணக்கைத்தான் ஜெர்மன் பொறியாளர்கள் கால் நூற்றாண்டு காலம் விதவிதமாகப் போட்டுப் பார்த்தார்கள்.

911 முதலில் 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்க எண்கள் தனக்கே உரியவை என்று பெஷோ நிறுவனம் ஆட்சேபிக்க, 911 ஆனது. அன்றைய என்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1991 சிசி. அந்தக் காலத்து விடை பைரல்: உள்ளே வார்ப்பிரும்புக் குழாய், அதைச் சுற்றி அலுமினியத்தை வார்த்து ஃபின்கள். தேய்மானத்துக்கு இரும்பு, குளிர்ச்சிக்கு அலுமினியம் என்று வேலையைப் பங்குபோட்டுக் கொடுத்த தீர்வு. விலை குறைவான 911 டி 1968 மாடலாக வந்தபோது அதுகூட வேண்டாம் என்று முழுக்க வார்ப்பிரும்புப் பேரல்களையே போட்டார்கள். கையில் தூக்கினாலே தெரியும் கனம்.

என்னைக் கேட்டால் இந்த நான்கில் மனதுக்குப் பிடித்தது பைரல்தான். தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் அடித்து, அதாவது உள்விட்டத்தைப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் புரிகிற சங்கதி. ஆனால் பந்தயத்தில் ஓடும் நிறுவனத்துக்கு இது போதவில்லை. இன்னும் பெரிய பிஸ்டன் வேண்டும். 80 மில்லிமீட்டர் போர் 84 ஆனது. அதற்கு மேல் போக, உள்ளே இருந்த இரும்புக் குழாயே இடைஞ்சல். இரண்டு சிலிண்டர்களின் மையங்களுக்கு நடுவே இருப்பது 118 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன், இரும்புச் சுவர், அலுமினியச் சுவர், ஃபின், காற்று போகிற வழி எல்லாம் அடங்க வேண்டும்.

வழி காட்டியது வேறொரு என்ஜினுக்காகச் செய்த கண்டுபிடிப்பு. வாங்கெல் ரோட்டரி என்ஜினில் முக்கோண ரோட்டரின் முனையில் உள்ள சீல்கள் அலுமினியக் கூட்டை உரசிக்கொண்டே சுற்றும். அந்த உரசலைத் தாங்க ஸ்டுட்கார்ட்டின் மாலே நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த பூச்சுதான் நிகாசில். மின்முலாம் பூசும் தொட்டியில் நிக்கல் படியும்போது, அதனுடன் சிலிக்கன் கார்பைடின் நுண்துகள்களும் சேர்ந்து படியும். வைரத்துக்குக் கிட்டத்தட்ட அடுத்த படியில் நிற்கும் கடினம் அதற்கு. பூச்சின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரும்புக் குழாய் போயிற்று. மிச்சமான இடம் பிஸ்டனுக்குக் கிடைத்தது. போர்ஷே இதை 917 பந்தயக் காரில் பயன்படுத்தியது. பிறகு 1973 மாடல் கரேரா ஆர்எஸ்ஸில் போரை 90 மில்லிமீட்டராக்கி 2687 சிசி எடுத்தது. இன்று ஏலத்தில் பெரும் விலை போகும் அந்தக் காரின் சாமர்த்தியத்தில் பாதி, கண்ணுக்குத் தெரியாத இந்த நிக்கல் படலம்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரிகிறது. இரும்புச் சுவருக்குள் அலுமினியப் பிஸ்டன் ஓடும்போது, பிஸ்டன் விரியும் அளவுக்குச் சுவர் விரியாது. அதனால் குளிர்ந்த நிலையில் தாராளமாக இடைவெளி விட்டாக வேண்டும். சுவரும் அலுமினியம் என்றால் இரண்டும் சேர்ந்தே விரியும், இடைவெளியை இறுக்கலாம்.

நான்காவது வகை அலுசில். இதில் பூச்சே கிடையாது. சுமார் 17 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியத்தை உருக்கி வார்த்தால், ஆறும்போது சிலிக்கன் தனிப் படிகங்களாகப் பிரிந்து உலோகமெங்கும் பரவி நிற்கும். போரை வழவழப்பாக முடித்த பிறகு மேற்பரப்பிலிருந்து அலுமினியத்தை மட்டும் மிக மெல்லிசாக அரித்தெடுப்பார்கள். சிலிக்கன் படிகங்கள் சற்றே துருத்திக்கொண்டு நிற்கும். முற்றத்தில் மண் கரைந்து போனபின் கூழாங்கற்கள் மட்டும் தலைதூக்கி நிற்குமே, அந்த மாதிரி. பிஸ்டனும் ரிங்கும் படிகங்களின் தலைமேல் ஓடும். இடையிலுள்ள பள்ளங்களில் எண்ணெய் தங்கும். அமெரிக்காவில் ஷெவ்ரலே வேகா காருக்கு 1971 மாடலிலேயே இந்த வகை உலோகக்கலவையைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கார் எடுத்த பெயர் நல்ல பெயர் இல்லை. போர்ஷே 1974 முதல் சாதாரண 2.7 லிட்டர் கார்களுக்கு அலுசிலைக் கொடுத்தது. நிகாசிலை விட மலிவு என்பதே முக்கியக் காரணம்.

மலிவுக்கு ஒரு நிபந்தனை. அலுசில் சுவருக்குள் ஓடும் பிஸ்டனின் பக்கவாட்டில் இரும்பு முலாம் இருந்தே ஆக வேண்டும். நிகாசிலுக்கான வெறும் அலுமினியப் பிஸ்டனை அதே அளவுதானே என்று இதில் மாட்டினால் சிலிண்டரைக் கீறித் தள்ளிவிடும். ரிங் மாற்றும்போது சுவரைச் சாதாரண ஹோனிங் கல்லால் தேய்த்தாலும் அதே கதி. துருத்தி நின்ற சிலிக்கன் உடைந்து போகும், மென்மையான அலுமினியம் அதன்மேல் இழுபட்டு மூடிவிடும்.

அடையாளம் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்று, ஒரு நூல். காந்தத்தை நூலில் தொங்கவிட்டு முதலில் ஃபின்னின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அங்கேயே பாய்ந்து ஒட்டினால் முழு வார்ப்பிரும்பு, விசாரணை முடிந்தது. ஃபின்னில் ஒட்டாமல் உள்சுவரில் அழுத்தமாக ஒட்டினால் பைரல். உள்சுவரில் லேசாகச் சாய்ந்து, இழுத்ததும் விட்டுவிட்டால் நிகாசில். நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும் உலோகம்தான், ஆனால் படலம் மெல்லிசு. உள்ளேயும் வெளியேயும் அசைவே இல்லை என்றால் அலுசில். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தை வைத்து இதைச் செய்யக் கூடாது. நிக்கலின் மெல்லிய இழுப்பு அதில் தெரியாது. நிகாசிலை அலுசில் என்று எழுதிவிடுவோம்.

கண்ணாலும் பார்க்கலாம். நிகாசில் சுவரில் பல ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகும் ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் தெரியும். அலுசில் சுவர் கோடில்லாத மங்கிய சாம்பல் நிறம். ஜோடிப் பிஸ்டன் கையில் இருந்தால் அதையும் திருப்பிப் பார்ப்பது நல்லது: பக்கவாட்டில் கருஞ்சாம்பல் பூச்சு இருந்தால் அது அலுசிலோடு பிறந்தது.

மாடல் ஆண்டை வைத்தே சொல்லிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். 1978 மாடலாக வந்த 911 எஸ்சி காரிலும், 1984 முதல் 1989 வரை வந்த 3.2 லிட்டர் கரேராவிலும் போர்ஷே இரண்டு இடங்களிலிருந்து பேரல் வாங்கியது. மாலே அனுப்பியவை நிகாசில், நெக்கார்சுல்மின் கோல்பென்ஷ்மிட் அனுப்பியவை அலுசில். ஒரே ஆண்டு, ஒரே மாடல், பக்கத்துப் பக்கத்துக் கார். உள்ளே வேறு வேறு உலோகம். பேரலின்மேல் மாலே பெயரோ, கே.எஸ். என்ற முத்திரையோ இருக்கும். பெரும்பாலும் அது உதவும். அதோடு அடிப்பகுதியில் 5 அல்லது 6 என்ற எண்ணும் இருக்கும். அது வகையைச் சொல்லாது. பேரலின் உயரப் பிரிவைச் சொல்லும். என்ஜினின் ஒரு பக்கத்து மூன்று பேரல்களும் ஒரே உயரப் பிரிவில் இருந்தால்தான் அந்தப் பக்கத்து கேம்ஷாஃப்ட் கூடு நேராக உட்காரும். பழைய பேரல்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்கள் வகையைச் சரிபார்த்துவிட்டு இந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு.

நிகாசிலுக்கும் எதிரி இருக்கிறான். 1990-களில் பிஎம்டபிள்யூவும் ஜாகுவாரும் தண்ணீரால் குளிரும் தங்கள் என்ஜின்களில் நிகாசில் போட்டபோது, கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்ற நாடுகளில் நிக்கல் படலம் அரிபட்டு அழுத்தம் இறங்கியது. பிஎம்டபிள்யூ தன் வி8 என்ஜினில் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அலுசில். போர்ஷே வட்டாரத்தில் மட்டம் என்று பேசப்படும் உலோகம்தான் அங்கே மீட்புக்கு வந்தது.

அரை நூற்றாண்டு ஓடிய என்ஜின்களில் முத்திரையை நம்புவதற்கும் எல்லை உண்டு. தேய்ந்த அலுசில் பேரலைத் தூக்கிப் போடாமல், உள்ளே சற்றுக் கடைந்து நிக்கல்-சிலிக்கன் கார்பைடு முலாம் பூசித் தரும் பட்டறைகள் இப்போது இருக்கின்றன. அப்படித் திரும்பி வந்த பேரலில் வெளியே கே.எஸ். முத்திரை அப்படியே இருக்கும், உள்ளே காந்தம் லேசாகச் சாயும். அதற்கு வாங்க வேண்டியது நிகாசிலுக்கான பிஸ்டன். முத்திரையைப் பார்த்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பிஸ்டன் அல்ல.