வழிகாட்டிகள் பலவிதம்

வழிகாட்டி என்றதும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்பவரே பலருக்கு நினைவுக்கு வருவார். நான் இங்கே வேறு இருவகை வழிகாட்டிகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளுள் நான்கில், வள்ளலிடம் பரிசு பெற்ற கலைஞர், எதிர்ப்படும் வறிய கலைஞருக்குத் தாம் சென்ற வழியைக் கூறுகிறார்.

மற்றொன்று வழிகாட்டி நாய். போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. போகுமிடத்தை நாய் முடிவு செய்வதில்லை. அதை அறிந்தவர் பார்வையற்றவரே. ஆயினும், அவர் "போ" என்றாலும் எதிரே வாகனம் வந்தால் நாய் நகராது. அப்படி மறுக்கவும் அதற்குப் பயிற்சி உண்டு.

புதிய மாணவர்களுக்கு மூத்தவர்களாகிய நாமும் அவ்வாறே இருப்போம். நடந்த வழியை ஒளிக்காமல் சொல்வோம். ஆபத்தைக் கண்டால் தடுப்போம். போகுமிடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.