பத்து, ஒன்பதைவிடச் சிறியதா?

மாணவ நண்பர்களே, 3.10 பெரியதா, 3.9 பெரியதா? "3.9 தான், 3.10 என்பது வெறும் 3.1 அல்லவா?" என்பீர்கள். கணக்கு வகுப்பில் அது சரியான விடை. மென்பொருள்களின் பதிப்பு எண்களில் அப்படியன்று. பாடநூலில் 3-ஆம் அத்தியாயம், 10-ஆம் பகுதி என்பதை 3.10 என்று அச்சிடுகிறார்களே, அதைப் போன்றதுதான் அந்தப் புள்ளி. அது தசமப் புள்ளி அல்ல. ஆகவே 3.9-க்கு அடுத்து வருவது 3.10.

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிப்போருக்குப் பைத்தான் மொழி புதிதல்ல. அதன் 3.9 பதிப்பு 2020 அக்டோபரிலும், 3.10 பதிப்பு 2021 அக்டோபரிலும் வெளிவந்தன. நிரல் எழுதுவோருக்கு மொழி மட்டும் போதாது. பிழை பார்க்க, சோதிக்க, நிறுவ என்று பல துணைக் கருவிகள் வேண்டும். அவற்றை எழுதியவர்கள் வேறு. எழுதிய காலமும் வேறு.

இக்கருவிகளில் சில, வேலையைத் தொடங்குமுன் "உன் பதிப்பு என்ன?" என்று பைத்தானைக் கேட்கும். "3.10.0" என்று விடை வரும். 3.9 வரை முதல் மூன்று குறிகளைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. அதே பழக்கத்தில் இப்போதும் மூன்றை மட்டும் எடுத்தால் என்ன கிடைக்கும்? 3, புள்ளி, 1. "இது 3.1, மிகப் பழையது, எனக்கு ஆகாது" என்று புத்தம் புதிய மொழியைக் கருவி திருப்பி அனுப்பிவிடும்! முழு விடையையும் எடுத்து, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலும் தவறுதான். 9-க்கு முன்னால் 1 வந்துவிடும். பைத்தான் தன் பதிப்பை 3, 10 என்று தனித்தனி எண்களாகவும் தருகிறது. அவற்றை ஒப்பிட்டிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. புதிய பதிப்பில் பழைய உறுப்பு ஒன்று நீக்கப்பட்டிருக்கும். 'டிஸ்ட்யுடில்ஸ்' என்ற தொகுதி அப்படிப்பட்டது. அது நீக்கப்படும் என்ற எச்சரிக்கை 3.10-இலேயே வந்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் அது இல்லை. எச்சரிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் இதில் சிக்கினார். தனி ஊசலின் அலைவு நேரங்களை வரைபடமாக்க வேண்டும். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். கணினியில் 3.12 இருந்தது. நிரல் ஓடவில்லை. எல்லாவற்றையும் அழித்து மூன்று முறை மீண்டும் நிறுவியிருந்தார். அவருடைய நிரலையும் ஆங்காங்கே மாற்றிவிட்டார், பாவம்!

மீட்டர் பாலத்தில் முள் அசையவில்லை என்றால் கம்பி, சாவி, மின்கலம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவோமா? முதலில் பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். 'டிஸ்ட்யுடில்ஸ்' என்ற தொகுதி இல்லை என்றிருந்தது. அதற்கு மேலுள்ள வரிகளில், பிழை எந்தக் கோப்பில் நேர்ந்தது என்று இருக்கும். அது அவருடைய கோப்பே அல்ல. அவர் பயன்படுத்திய பழைய கருவியின் கோப்பு! அவர் நிரலைத் திருத்தியதெல்லாம் வீண்.

நிரலை முதலில் இருந்தபடியே வைத்தோம். பைத்தான் 3.11-ஐத் தனிச் சூழல் ஒன்றில் நிறுவி, அதே நிரலை ஓட்டினோம், ஓடியது. பதிப்பைத் தவிர எதையும் மாற்றவில்லை என்பதால், காரணம் பதிப்புதான் என்று உறுதியாயிற்று. பின்பு 3.12-க்கே திரும்பி 'செட்அப்டூல்ஸ்' என்ற தொகுப்பை மட்டும் சேர்த்தோம். நீக்கப்பட்ட உறுப்புக்குரிய மாற்று அதனுள் இருக்கிறது. நிரல் அங்கும் ஓடியது. இது தற்காலிக ஏற்பாடே. அந்தக் கருவிக்குப் புதிய பதிப்பு வந்தால் அதையே நிறுவுவது நல்லது.

மாலை ஆறு மணிக்கு வரைபடம் வந்தது. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல், கொக்கி வரை மட்டும் அளந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.