சும்மா கிடக்கும் கணினியால் வேற்றுலக உயிரைத் தேட முடியுமா? எப்படி?

முடியும். தேடியும் பார்த்தார்கள். 1999 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 'ஸெட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் பதிவான வானொலி அலைகளில் வேற்றுலகக் குரல் ஏதும் உண்டா என்று அலச மாபெரும் கணிப்புத் திறன் வேண்டும். அது எங்கே இருந்தது? உலகெங்கும் வீட்டு மேசைகளில்!

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, மூட்டை வெங்காயத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் உரித்தால் விடிந்துவிடும். தெருவே கூடினால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும்.

அப்படித்தான் அலைப்பதிவைச் சிறு துண்டுகளாக்கி இணையம் வழியே அனுப்பினார்கள். நீங்கள் எழுந்து போனதும் ஸ்கிரீன்சேவராக ஓடும் மென்பொருள் தன் துண்டை அலசி, விடையைத் திருப்பி அனுப்பும்.

பாதியில் விட்டுவிட்டு விடையே அனுப்பாவிட்டால்? துண்டு வேறொருவருக்குப் போகும். விடை தப்பாக இருந்தால்? ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்து ஒப்பிடுவார்கள். முன்பின் தெரியாத கணினிகளிடமிருந்து நம்பகமான விடை! எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எல்லா வேலைக்கும் இது சரிவராது. என் வெங்காயம் உங்கள் வெங்காயத்துக்காகக் காத்திருப்பதில்லை. வானிலைக் கணிப்பிலோ ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் துண்டுகள் அனுப்புவது நின்றது. வேற்றுலகக் குரல் எதுவும் உறுதியாகவில்லை. ஆனால் இத்திட்டத்தை நடத்தியவர்கள் உருவாக்கிய, இதேபோல் வேலையைப் பகிர்ந்தளிக்கும் 'போயிங்க்' மென்பொருளைக் கொண்டு வேறு ஆய்வாளர்கள் துடிப்பு விண்மீன்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.