தலைக்கு ஊற்றும் வெந்நீரும் வலிப்பு நோயும்

ஊர்விட்டு ஊர் வந்தாலும் நம் குடும்பங்கள் எண்ணெய்க் குளியலை விடவில்லை. மைசூரின் கன்னட வீடுகளிலும் தலைக்குக் குளிப்பதென்றால் ஹண்டே நிறைய வெந்நீர் கொதிக்கும். இந்தக் குளியலையொட்டி வரும் ஒருவகை வலிப்பு இந்த வட்டாரத்தில் அதிகம். இங்கே முப்பது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், அதை முன்வைத்து வலிப்பு நோயைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

வலிப்பு என்பது என்ன?

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதி அணுக்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்னைப் பாய்ச்சினால் அதுவே வலிப்பு. கை கால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பல்ல. சில விநாடி வெறித்துப் பார்ப்பது, வாயைச் சப்புவது, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். காய்ச்சலில் ஒருமுறை வந்துபோனதை வலிப்பு நோய் என்று சொல்வதில்லை. தக்க உடனடிக் காரணமின்றி மீண்டும் மீண்டும் வந்தால்தான் அந்தப் பெயர்.

பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைவது, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாவது, பக்கவாதம், மரபணு என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணம் தெரிவதே இல்லை. நம் முன்னோர் இதை 'முயலகன்' என்றார்கள். திருவாசியில் கொல்லி மழவன் மகளுக்கு இருந்த முயலகன் நோயைச் சம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அரசன் மகளுக்கும் வந்த நோய்தான். யாருக்கும் இதில் தலைகுனிவு இல்லை.

வெந்நீர் வலிப்பு

"டாக்டர், தலைக்கு ஊத்தும்போது மட்டும் பையன் ஒரு மாதிரி முழிக்கிறான். சாமி குத்தமா இருக்குமோ?" என்று கேட்கும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாமி குற்றம் இல்லை. நல்ல சூடான நீரைத் தலையில் சொம்பு சொம்பாக வேகமாக ஊற்றும்போது, அதற்கு இயல்புள்ள சிலரின் மூளையில் எழும் வலிப்பு இது. பொதுவாக அந்த நீரின் சூடு 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்.

இதை முதலில் பதிவு செய்தது 1945-ல் நியூசிலாந்தில். ஆனால் அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவில்தான். பெங்களூரின் நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி குழுவினர் 1968-ல் முதல் அறிக்கையையும், 1974-ல் 108 நோயாளிகளின் விவரங்களையும் வெளியிட்டனர். 1988-ல் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் சதீஷ்சந்திரா குழுவினர் 279 பேரைப் பற்றி எழுதினர். நமக்குப் பக்கத்திலுள்ள எளந்தூரில் ஏறத்தாழ 65,000 மக்களிடையே வீடு வீடாக நடந்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. லட்சம் பேருக்கு 255 பேரிடம் இந்த வலிப்பு காணப்பட்டது. ஆண்களுக்கே அதிகம் வருகிறது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கூடுதல்.

பயத்தால் வருவதோ என்ற ஐயம் சிலருக்கு உண்டு. நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் எலிகளின் மேல் சுடுநீர் ஊற்றியபோதும் வலிப்பு வந்தது. ஆகவே மூளையின் வெப்பநிலை சட்டென்று ஏறுவதே முக்கியம் என்று கருதுகிறார்கள். சில குடும்பங்களில் பலருக்கு வருவதால் மரபணுத் தொடர்பும் தெரிகிறது. இன்னொன்று: சிலருக்கு அந்த நேரத்தில் ஒருவித சுகம் தோன்றி, மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டார் அதைப் பிடிவாதம் என்று திட்டுவார்கள். அதுவும் நோயின் பகுதிதான்.

கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும்

நோயை அறிய முதல் சான்று, கண்ணால் பார்த்தவர் சொல்லும் விவரமே. செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது. இ.இ.ஜி. எடுப்போம், தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உண்டு. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி. சரியாக இருந்தால் நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வெந்நீர் வலிப்புக்கு முதல் மருந்து, நீரை நன்றாக விளாவுவதுதான். வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் குளித்தாலே பலருக்கு வலிப்பு வருவதில்லை. அப்படியும் வந்தால், தலைக்குக் குளிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு குளோபசாம் மாத்திரை கொடுப்பதுண்டு. இதை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே எடுக்க வேண்டும். காலப்போக்கில் சிலருக்குக் குளிக்காதபோதும் வலிப்பு வரும். அவர்களுக்குத் தினசரி மருந்து வேண்டும். பொதுவாக வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் முறையான மருந்தால் வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மறைப்பதால் வரும் ஆபத்து

என்னிடம் வந்த ஒரு பெண் கல்லூரி நாட்களில் மாத்திரையால் நலமாக இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்ததும், "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது? நிறுத்திவிட்டாள். தலைதீபாவளி விடியலில், தாழிட்ட குளியலறையில் வலிப்பு வந்து வெந்நீர் அண்டாவின் மேல் விழுந்தாள். தோளும் கையும் வெந்துபோயின. கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இன்று மருந்தோடு இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கணவர்தான் மாத்திரையை நினைவுபடுத்துகிறார். "முதல்லயே சொல்லியிருந்தா இந்தத் தழும்பு வேண்டாமே" என்பது அவர் கேட்ட கேள்வி.

முன்பு வலிப்பைக் காட்டித் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்க முடிந்தது. இந்து திருமணச் சட்டத்திலிருந்து அந்த வார்த்தையை 1999-ல் நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறியது போல நம் மனமும் மாற வேண்டும். குழந்தை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் தக்க மாத்திரையாக மாற்றித் தருவார். தாமாக நிறுத்தக் கூடாது.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். நேரத்தைக் கவனியுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள், தெளியும்வரை தண்ணீர் தராதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

வலிப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவைச் சும்மா சாத்தினால் போதும், தாழ்ப்பாள் வேண்டாம். கொதிக்கும் அண்டாவைக் குளிக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். வருகிற எண்ணெய்க் குளியலுக்கு முன்பே இந்த இரண்டையும் செய்துவிடுங்கள் என்று நம் குடும்பங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.